வாய் மூடும் துளை

இடது தோள்பட்டைக்குக் கீழே யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோனது மாதிரி இருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதெல்லாம் அந்த ஆணி ஒரு சுற்றுத் திரும்பியது. லாரிக்குள் நிற்பவன் கையைத் தூக்காமல் வேலை செய்ய முடியாது. கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் பெட்டிகளை மேலிருந்துதான் எடுக்க வேண்டும். சோம்பல்பட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவினால் சுவர் மொத்தமும் ஆள் மேல் சாய்ந்துவிடும். ஓக்சோன் பார்சல் முனையத்தில் புதிதாக வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பது அது ஒன்றைத்தான். மிச்சத்தை உடம்பே கற்றுக்கொள்ளும்.

தோ கிசோக்கின் உடம்பு மூன்று வருடமாகக் கற்றுக்கொண்டிருந்தது. வாரத்தில் பாதி நாள் தேஜோன் கல்லூரிகளில் மணிக்கணக்குக்குப் பாடம் எடுப்பான். அது போதாததால் மீதி நாள் இங்கே. முனைவர் பட்டம் வாங்கியது புழுத்துளை பற்றி. பிரபஞ்சத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, இடையிலிருக்கும் தூரத்தை நடக்காமலே போய்ச் சேரும் குறுக்குவழி. அப்படி ஒன்று இருக்கலாம் என்று சமன்பாடுகள் சொல்கின்றன. இருப்பதாக யாரும் பார்த்ததில்லை. அம்மா தோங்யோங் கரையில் சிப்பி உடைத்து அவனை வளர்த்தவள். சிப்பி ஓட்டுக் குவியலின் நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து பாடம் படித்த பையனுக்கு, நடுவழி எதையும் மிதிக்காமல் வேறெங்கோ போய் நிற்கலாம் என்ற கணக்கு பிடித்துப்போனதில் வியப்பில்லை.

நவம்பர் மாதம். நாடே குளிர்காலத்துக்குக் கோஸை ஊறவைத்துக் கிம்ச்சி போடும் பருவம். வருகிற லாரியெல்லாம் உப்பில் ஊறிய கோஸ் பெட்டிகள். ஒவ்வொன்றும் இருபது கிலோ. அட்டையின் அடி நனைந்து நொதநொதவென்று இருக்கும். உப்புத் தண்ணீர் கையுறைக்குள் இறங்கி விரலிடுக்கெல்லாம் வெந்துபோகும். விடிந்து வெளிச்சம் வந்தபிறகும் லாரிகள் தீரவில்லை.

ஒரு லாரிக்கு இரண்டு பேர். கிசோக்கின் ஜோடி பாங். கோஜே கப்பல் தளத்தில் வெல்டராக இருந்தவர். தளத்தில் ஆள் குறைத்தபோது முதல் பட்டியலிலேயே வெளியே வந்தவர். ஐம்பத்தைந்து வயதிலும் பெட்டியைப் பூனைக்குட்டி மாதிரிக் கழுத்தைப் பிடித்துத் தூக்குவார்.

"என்ன டாக்டரே, இன்னிக்கு உங்க ஓட்டைக்குக் கல்யாணமாமே?" என்றார் பாங்.

"கல்யாணமில்லண்ணே. எங்க சீனியருக்கு நேர்காணல். மத்தியானம் பேசுறாரு. பேராசிரியர் வேலை."

"அவருக்கு வேலை கெடைச்சா உனக்கென்ன?"

"என்னைய ஆராய்ச்சிக்கு எடுத்துக்குறேன்னிருக்காரு."

"அப்ப இந்தத் தோளுக்கு விடுதலை. தோள்பட்ட வலிக்குதுன்னு தினம் ஒப்பாரி வெக்கிற பாட்டு இனிமே எனக்குக் கேக்காது." பாங் ஒரு பெட்டியை உருளைப் பாதையில் தள்ளினார். "ஒண்ணு சொல்லு. அந்த ஓட்டை நெசமாத் தொறந்துச்சுன்னா, இங்கன பெட்டியத் தள்ளினா பூசான்ல போய் விழுமா?"

"கணக்குப்படி விழும்."

"நடுவுல லாரியே கெடையாதா?"

"கெடையாது."

"பாவி, அப்ப நம்ம பொழப்பு?"

கிசோக் சிரித்தான். தோளில் ஆணி திரும்பியது. "பூசானுக்கெல்லாம் எதுக்குண்ணே? நட்சத்திரத்துக்குப் போக. நம்மகிட்ட இருக்குற ராக்கெட்ல போனா பக்கத்து நட்சத்திரத்துக்கே எழுபதாயிரம் வருஷம் ஆகும்."

"கிம்ச்சி புளிச்சுருமே."

"போறவனே மிச்சமிருக்க மாட்டான். அதுக்குத்தான் குறுக்குவழி. ஆனா அதுல ஒரு சிக்கல். அந்தத் துளைக்கு ரெண்டு வாய், நடுவுல ஒரு தொண்ட. தொறந்த வேகத்துல தொண்ட சுருங்கிடும். வெளிச்சம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போறதுக்குள்ளயே மூடிக்கும்."

"உள்ள இருக்குறவன்?"

"நசுங்கிப்போவான். நசுங்கினதைச் சொல்லக்கூட ஆள் இருக்காது."

"ஜாக்கி மாதிரி எதையாச்சும் வெச்சு முட்டுக் குடுக்க வேண்டியதுதானே?"

"குடுக்கணும். ஆனா உலகத்துல இருக்குற பொருளெல்லாம் உள்ள இழுக்கும்ணே. இது வெளிய தள்ளணும். அதுக்கு ஒண்ணுமில்லாததுக்கும் கீழான ஆற்றல் வேணும்."

"ஒண்ணுமில்லாததுக்கும் கீழயா? அதுக்குப் பேரு கடன்டா. எங்கிட்ட நெறைய இருக்கு, எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"அது வேண்டாம்னுதான் நானும் சீனியரும் எழுதியிருக்கோம். தொண்டைய ஒரு மாதிரி வளைச்சா சாதாரணப் பொருளே தாங்கும்னு."

சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. கட்டுரையை வசந்த காலத்தில் இணையத்தில் போட்டபோது செய்தித்தாள்கள் எழுதின. இதழின் பரிசீலனை இன்னும் முடியவில்லை. என்றாலும் அந்தச் செய்தியை நம்பித்தான் சீனியர் மா தேசிக்கைப் பல்கலைக்கழகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாவுக்கு நாற்பத்தாறு. இதற்கு மேல் யாரும் அவரைக் கூப்பிடப் போவதில்லை.

அடுத்த லாரியின் கதவு திறந்தது. மறுபடியும் கோஸ். இந்த லாரியில் பெட்டிகளை முகவரிச் சீட்டு பக்கவாட்டில் தெரியும்படி அடுக்கியிருந்தார்கள். கிசோக் முதல் பெட்டியை இறக்கிக்கொண்டே கேட்டான்.

"சீட்டு அப்படியேதானேண்ணே?"

"அப்படியேதான்," என்றார் பாங், திரும்பிப் பார்க்காமல்.

கால் மணி நேரத்தில் பெல்ட் நின்றது. மேலே ஸ்கேனர் சிவப்பாகக் கத்தியது. கோஸ் பெட்டிகள் எதிலும் சீட்டைப் படிக்க முடியாமல், எல்லாம் இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் கடைசிக் குழியில் போய் மலையாகக் குவிந்திருந்தன. சூப்பர்வைசர் ஓடிவந்தான். பாங்கைவிட இருபது வயது சின்னவன்.

"யாருய்யா இந்த லாரி? கண்ணு பொடனியிலயா இருக்கு? சீட்டு மேல பாக்கணும்னு எத்தினி தடவ சொல்றது!"

அவன் போனபிறகு பாங் திரும்பினார். "ஏன்டா, கேட்டுட்டுத்தானே வெச்ச?"

"நீங்கதான் அப்படியேன்னீங்க."

"அப்படியேன்னா எப்பவும் போல, சீட்டு மேல பாத்தாப்புல."

"நான் லாரில இருக்குறபடியேன்னு நெனச்சேன்."

"போச்சுடா. நீயும் சரி, நானும் சரி. கோஸ் மட்டும் குழியில." பாங் சிரித்தார்.

கிசோக் சிரிக்கவில்லை. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். அதன் நனைந்த அடி தரையில் தொப்பென்று உட்கார்ந்தது. அவன் முகத்தைப் பார்த்த பாங், "என்னடா, இடுப்பா?" என்றார்.

இடுப்பில்லை, ஞாபகம். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், பன்றி இறைச்சி சுடும் ஒரு கடை. எதிரே மா தேசிக். அன்றுதான் மா தன் பாதிக் கணக்கை முடித்து, நான்கு பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். வளைவு முழுக்க அவருடையது. அதைத் தாங்கும் பொருளைக் கணக்கிடுவது கிசோக்கின் பங்கு. இந்தத் துறையில் இரண்டு வழக்கம் உண்டு. ஒரு சாரார் காலத்துக்குக் கழித்தலும் இடத்துக்குக் கூட்டலும் போட்டு எழுதுவார்கள். இன்னொரு சாரார் நேர்மாறாக. இரண்டும் சரி. ஒன்றில் தொடங்கியவன் அதிலேயே முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் பக்கத்தில் பாதியும் இன்னொருவர் பக்கத்தில் பாதியும் எடுத்துச் சேர்த்தால் கடன் வரவாகிவிடும், வரவு கடனாகிவிடும்.

அதைக் கேட்டுக்கொள்ளத் தெரியாதவனில்லை கிசோக். ஆனால் மூத்தவர் எழுதிக் கொடுத்த கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வழக்கத்தில் எழுதினீர்கள் என்று கேட்டால், சரியாக எழுதினீர்களா என்று கேட்பதாகிவிடும். மா அவனுக்குக் கோப்பையில் சோஜு சாராயம் ஊற்றினார். பெரியவர் எதிரில் குடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். கிசோக் திருப்பிக்கொண்டான். கோப்பை உதட்டிலிருக்க, சுவரைப் பார்த்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாகக் கேட்டான்.

"பிளஸ் மைனஸெல்லாம் அப்படியேதானே சீனியர்?"

"அப்படியேதான்," என்றார் மா, கறியைத் திருப்பிப்போட்டபடி.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் கிசோக் தன் பங்கை எத்தனையோ முறை சரிபார்த்தான். மாவும் தன் பங்கைச் சரிபார்த்தார். மாவின் நான்கு பக்கத்தை முதலிலிருந்து போட்டுப் பார்க்க கிசோக்குக்குக் கை வரவில்லை. போட்டுப் பார்த்தால் சந்தேகப்பட்டதாகிவிடும்.

அவன் லாரியின் வாசலிலேயே உட்கார்ந்து கைபேசியில் அந்தப் பக்கங்களைத் திறந்தான். திரையெல்லாம் உப்புத் தண்ணீர். மாவின் இரண்டாம் பக்கத்தில், ஓர் ஓரத்தில், கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும் அந்த விஷயம் இருந்தது. காலத்துக்குக் கூட்டல். கிசோக்கினுடையது கழித்தல். கிழிந்து கிடந்த ஒரு கோஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் கடைசி மூன்று வரியை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தான். வரவு கடனானது. தொண்டையைத் தாங்க மறுபடியும் ஒன்றுமில்லாததற்கும் கீழான அந்த ஆற்றல் வேண்டியிருந்தது, அதுவும் ஒரு முழு நட்சத்திரத்தின் அளவுக்கு. சாதாரணப் பொருளை வைத்தால் அது துளையைத் தாங்காது. இன்னும் வேகமாக மூடத்தான் செய்யும்.

மாவைக் கூப்பிட்டான். கைபேசி அணைந்திருந்தது. மறுபடியும் கூப்பிட்டான். நேர்காணல் நாளில் அவர் அப்படித்தான் செய்வார் என்று அவனுக்குத் தெரியும்.

"அண்ணே, நான் இப்பவே தேஜோன் போகணும்."

"இன்னும் ஒரு லாரி இருக்கே. நடுவுல போனா அந்தப் பய உன் பேரை அடிச்சுருவான்."

"அவரு பேசுறதுக்கு முன்னால சொல்லணும்ணே. நாங்க எழுதினது தப்பு."

பாங் அவனையும் அட்டை மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டையில் அவருக்கு எதுவும் விளங்கவில்லை. அவன் முகம் விளங்கியது.

"போ. உன் பாதியையும் நானே இழுத்துக்குறேன். கக்கூஸ் போயிருக்கான்னு சொல்லிக்குறேன். ஆனா ஒண்ணு, டாக்டரே. ஒரு லாரி கடன். பேராசிரியராயிட்டேன், கை நோவுதுன்னெல்லாம் அப்புறம் சொல்லப்படாது."

"தனியா வேண்டாம்ணே, அட்டையெல்லாம் ஊறிப்போயிருக்கு."

"நீ எனக்குச் சொல்றியா? போடான்னா."

பேருந்தில் அவன் நின்றுகொண்டே போனான். உட்கார்ந்தால் தூங்கிவிடுவான். உடம்பெல்லாம் கோஸ் நாறியது. பக்கத்தில் நின்ற பெண் இரண்டடி தள்ளிப் போய் நின்றாள்.

மா பல்கலைக்கழகக் கட்டடத்தின் பின்பக்கம், புகை பிடிக்கிறவர்களுக்கென்று வைத்த கூண்டில் நின்றிருந்தார். புது சூட். கழுத்துப்பட்டியை யாரோ கட்டிவிட்டிருந்தார்கள். மனைவியாகத்தான் இருக்கும். சந்தையில் குழம்பும் தொடுகறியும் விற்கிறவள். முடிச்சிலேயே அந்தக் கைகளின் இறுக்கம் தெரிந்தது.

"டேய், இந்தக் கோலத்துலயா வருவ? மேல ஒரே நாத்தம்," என்றார். பிறகு அவன் நீட்டிய அட்டையை வாங்கிப் பார்த்தார். கிசோக் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மா அதைப் படித்து முடிக்க ஒரு சிகரெட்டின் கால்வாசிகூட ஆகவில்லை. அவர் நல்ல இயற்பியலாளர். அதுதான் பரிதாபம்.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"காலையில, சீனியர்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"லாரில கூட இருக்குற அண்ணன்கிட்ட."

"அவன் யாருக்குச் சொல்லப்போறான்." மா அட்டையை இரண்டாக மடித்தார். ஈர அட்டை மடிப்பில் கிழிந்தது. கோட்டின் உள்பையில் வைக்கப்போய், கறை படியும் என்று நினைத்தாரோ என்னவோ, குப்பைக் கூடையில் போட்டார். "கேளு. இன்னிக்குப் பேசுறதைப் பேசிடுறேன். வேலை கைக்கு வரட்டும். அப்புறம் மூணு மாசம் கழிச்சு, நாமளே பாத்துத் திருத்தினதா ஒரு பக்கம் போட்டுடலாம். யாரு போடல? எல்லாரும் போடுறதுதான்."

"சீனியர்..."

"உன் இடமும் இதுலதான்டா இருக்கு. கடைசி வரிசையில உக்காரு. வாயத் தொறக்காத."

கிசோக் கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

மா அற்புதமாகப் பேசினார். அவர் எப்போதுமே அப்படித்தான். தேக்வால்லியோங் மலையில் முதலில் ஆரம்பித்தார். சுரங்கப் பாதை வருவதற்கு முன்னால் காங்நுங் போகிற பேருந்து அந்த வளைவுகளில் சுற்றிச் சுற்றி, குழந்தைகள் வாந்தி எடுத்து, பொழுது சாய்ந்துதான் கடலைப் பார்க்கும். மலையைக் குடைந்தார்கள். இப்போது ஒரு பாட்டு முடிவதற்குள் கடல். கடல் நகரவில்லை, மலை நகரவில்லை, வழிதான் மாறியது. பிறகு அபாயங்களைச் சொன்னார். உள்ளே நுழையும் வெளிச்சம் சுற்றிச் சுற்றிக் குவிந்து துளையையே சுட்டுவிடலாம். தொண்டை குறுகலாக இருந்தால் போகிறவனின் தலையை ஒரு விசையும் காலை ஒரு விசையும் இழுத்து அவனை நூலாக்கிவிடும். ஒரு வாயை ஒரு கப்பலில் ஏற்றி, வெளிச்சத்தின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓட்டித் திரும்பக் கொண்டுவந்தால் அந்த வாயின் கடிகாரம் பின்தங்கியிருக்கும். அதற்குள் நுழைகிறவன் நேற்றைக்குள் வெளியே வருவான்.

நேற்றுக்குப் போகிறவனைப் பற்றிக் கேட்டபோது கிசோக் அந்தக் கறிக் கடையை நினைத்தான். துளை திறந்து அந்த மேசைக்கே அவனைக் கொண்டுபோய் உட்காரவைத்தாலும் என்ன செய்திருப்பான்? முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டிருப்பான். வேறு மாதிரிக் கேட்க அவனுக்கு யாரும் பழக்கவில்லை.

"எங்கள் முடிவு இதுதான்," என்றார் மா. "இந்த வாயைத் திறந்து வைக்க மாயப் பொருள் எதுவும் தேவையில்லை."

தேர்வுக் குழுவில் ஐந்து பேர். நான்கு பேர் தலையாட்டினார்கள். ஐந்தாவது ஆள் யோன் சேரின். அந்தத் துறையில் இருப்பவர்களிலேயே வயதில் இளையவர், போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் முன்னால் கட்டுரையின் அச்சுப் பிரதி இருந்தது. அதன் ஓரங்களெல்லாம் பென்சில்.

"ரொம்ப நல்லாப் பேசினீங்க ஐயா," என்றார் யோன். குரல் தணிவாக இருந்தது. வயதில் மூத்தவரைக் கேள்வி கேட்கிற கூச்சம் அவருக்கும் இருந்தது. "எனக்குத்தான் சரியாப் புரியலையோ என்னமோ. நாலாவது பக்கத்துலயும் பன்னிரண்டாவது பக்கத்துலயும் பிளஸ் மைனஸ் ஒரே வழக்கத்துலதான் இருக்கா?"

அரங்கில் யாரோ இருமினார்கள். மா தண்ணீர் குடித்தார். டம்ளரை மெதுவாக வைத்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார்.

"அந்தப் பகுதிய முனைவர் தோ கிசோக் பாத்தாரு. இங்கதான் இருக்காரு. எழுந்திருப்பா." ஐந்து தலைகளும் திரும்பின. மா சிரித்துக்கொண்டிருந்தார். கண்கள் சிரிக்கவில்லை. "சொல்லுப்பா. எல்லாம் அப்படியேதானே?"

கிசோக் எழுந்து நின்றான். ஒரு "ஆமா" போதும். அந்த "ஆமா"வுக்குள் மாவின் நாற்பத்தாறு வயதும், சந்தையில் நிற்கும் அவர் மனைவியின் கைகளும், தன்னுடைய தோள்பட்டையும் இருந்தன. அவனுக்கு அது தெரிந்தது. வீரம் எதுவும் அவனுக்கு அப்போது வரவில்லை. ஆமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் மா கேட்ட அந்த "அப்படியேதானே" காதிலேயே நின்றது, காலையில் குழியில் குவிந்து கிடந்த பெட்டிகள் கண்ணுக்குள் வந்தன.

"இல்ல, சீனியர்."

வாழ்க்கையில் மாவிடம் அவன் இல்லை என்று சொன்னது அதுதான் முதல்தடவை.

"வேற வேற வழக்கம்," என்றான் கிசோக். "சேத்தது நான். திருத்தினா துளை மூடிக்கும்."

"எவ்வளவு சீக்கிரம்?" என்றார் குழுத் தலைவர். வேண்டாத கேள்வி. என்றாலும் அவர் ஆர்வத்தோடு கேட்டார்.

"வெளிச்சம் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே."

யோன் பிரதியை மூடினார். அதை அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார் என்பது அந்த மூடலிலேயே தெரிந்தது. கிசோக் ஆமா என்றிருந்தாலும் இந்த அறையில் எதுவும் மாறியிருக்காது. மாவின் பக்கம் ஒருவனாவது நின்றான் என்பது மட்டும் மிஞ்சியிருக்கும். தலைவர் நன்றி சொன்னார். மா இடுப்பு வளைய வணங்கினார். தேவைக்கும் அதிக நேரம் குனிந்தே இருந்தார்.

வெளியே புகைக் கூண்டில் மா கழுத்துப்பட்டியை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. அவிழவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

"அன்னிக்கே கேட்டிருக்கலாமேடா."

"கேட்டேன், சீனியர். பிளஸ் மைனஸெல்லாம் அப்படியேதானேன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"அப்படியேதான்னு."

மா ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். "நீ எந்த வழக்கம்னே நான் யோசிக்கல," என்றார். "எனக்குக் கீழ படிச்சவன்தானே, என் வழக்கம்தான் எழுதுவான்னு நெனச்சேன். நீ என்ன நெனச்ச?"

"புத்தகத்துல இருக்குற வழக்கம்னு."

"புத்தகத்துல," என்றார் மா. சிரித்தது மாதிரி ஒரு சத்தம் வந்தது. "ரெண்டு வருஷம். ஒரு வார்த்தைக்கு ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் நின்னுக்கிட்டு." சிகரெட்டை அணைத்தார். "இனிமே என்னைக் கூப்பிடாத கிசோக். கோவத்துல சொல்லல. உன் குரலைக் கேட்டா அந்த அறைதான் ஞாபகம் வரும்."

அவர் போன வழியில் மரத்திலிருந்து கிங்கோ இலைகள் விழுந்துகொண்டிருந்தன. புதுச் சூட்டின் முதுகில் வியர்வை கறுப்பாகப் பரவியிருந்தது.

கிசோக் ஓக்சோனுக்குத் திரும்பினான். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. முனையத்தின் வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தான். காலையில் கத்தினவன் இப்போது கத்தவில்லை.

"பாங்கைத் தேடுறியா? எலும்பு ஆஸ்பத்திரியில இருக்காரு. கடைசி லாரியில பெட்டி சரிஞ்சுருச்சு. தனியா நின்னிருக்காரு. நீ கக்கூஸ்லருந்து வரவேயில்லன்னாரு."

பாங் நான்கு பேர் அறையில் ஜன்னலோரம் படுத்திருந்தார். இடுப்பெலும்பில் விரிசல். ஒரு கால் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. தலையில் இன்னும் கோஸ் இலையின் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. யாரும் எடுக்கவில்லை. கிசோக் எடுத்தான்.

"அடி ஊறிப்போயிருந்துச்சு," என்றார் பாங், அவன் கேட்பதற்கு முன்பே. "மேலருந்துதான் எடுத்தேன். நடுவரிசை தானா உள்ள போயிருச்சு. அப்புறம் மொத்தமும்." மூச்சு விட்டார். "இனிமே கனம் தூக்கப்படாதாம் டாக்டரு சொல்றாரு. நெசமான டாக்டரு."

கிசோக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உன் ஓட்ட என்னாச்சு?"

"மூடிருச்சுண்ணே."

"மொத்தமாவா?"

"மொத்தமா. எப்பவும் தொறந்ததே இல்ல. நாங்கதான் தப்பாப் படிச்சிருக்கோம்."

"அந்தச் சீனியருக்கு வேல?"

"இல்ல."

"உனக்கு?"

"இல்ல."

பாங் கூரையைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். "அட நாசமே," என்றார் பாங், மெதுவாக. "அப்ப எதுக்குடா நான் அந்த லாரிய இழுத்தேன்?"

கிசோக் இடுப்பு வளையக் குனிந்தான். மா குனிந்தது மாதிரியே வெகுநேரம் குனிந்திருந்தான். பாங் கையை ஆட்டினார்.

"நிமிரு. முதுகும் போயிட்டா அப்புறம் யாரு எறக்குறது? நான் மன்னிச்சேன்னு நெனக்காத. கடன் கடன்தான்."

"தெரியும்ணே."

"தெரிஞ்சா சரி. போய்ப் பேரைக் குடு, நாளைக்கு ஆள் பத்தாதாம்."

சூப்பர்வைசர் அவன் பெயரை அடித்திருக்கவில்லை. கிம்ச்சி மாதம் முடிகிறவரை யாருடைய பெயரையும் அடிக்க அவனுக்கு வசதியில்லை. மறுநாள் லாரியின் கதவு திறந்தபோது உள்ளே கூரை வரை கோஸ் நின்றது. பக்கத்தில் ஒரு புது ஆள் கையுறையைத் தப்பாக மாட்டிக்கொண்டிருந்தான். கிசோக் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினான். ஆணி திரும்பியது. முதல் பெட்டியை மேலிருந்து எடுத்து, சீட்டு மேலே பார்க்கும்படி திருப்பி வைத்தான்.

அந்த லாரியை முழுக்க இறக்கினான். அதற்கடுத்ததையும் இறக்கினான். அதில் எதுவும் பாங்கினுடையதில்லை. பாங் இனி லாரிக்குள் ஏறப்போவதில்லை, அவருக்குப் பதிலாக இறக்க ஒரு லாரியும் இனி வரப்போவதில்லை. கிசோக் பாங்குக்குக் கொடுக்க வேண்டியது ஒரு லாரி, கூரை வரை உப்புக் கோஸ். அது இன்னும் பாக்கி.